அழியும் உடம்பை ஏன் பேண வேண்டும்?

நம் பிள்ளைகள் உடம்பைப் பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்டு வளர்கிறார்கள். துக்க வீட்டிலும் கோயில் சொற்பொழிவிலும் ‘இந்த உடம்பு நிலையில்லாதது’ என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ‘நகம் வெட்டு, பல் தேய், கை கழுவு’ என்போம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இந்த இரண்டையும் சேர்த்து வைத்து என்னிடம் கேட்டான்: “எப்படியும் மண்ணுக்குப் போற உடம்புதானே டீச்சர், அதை எதுக்கு இவ்வளவு பாத்துக்கணும்?” குறும்புக்காகக் கேட்டதல்ல. அந்த வருஷம்தான் அவன் தாத்தா தவறியிருந்தார்.

‘பார்த்துக்கொள்ளாவிட்டால் நோய் வரும்’ என்பது அவனுக்குப் பதிலாகாது. நிலைக்காத ஒன்றுக்கு மதிப்பு உண்டா என்பதுதான் அவன் கேள்வி.

அதற்கு என்னைவிட ஓர் ஆட்டு இதயம் நன்றாகப் பதில் சொல்லும். கறிக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால், ரத்தக் குழாய்களை ஒட்ட நறுக்காமல் எடுத்து வைப்பார். உண்பதற்காக அறுத்த ஆட்டின் இதயம் அது. ஆனாலும் ஓர் உயிருக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதை வைத்து விளையாடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். தொட மனமில்லாத பிள்ளைகளை வற்புறுத்துவதில்லை.

திறந்தால் நான்கு அறைகள். கீழறைகளின் சுவர்களை விரலால் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். வலப்பக்கம் மெல்லியது, இடப்பக்கம் நல்ல தடிமன். ஏன் என்று அவர்களே யோசிப்பார்கள். வலது அறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு ரத்தத்தை அனுப்பினால் போதும். இடது அறையோ உச்சந்தலை முதல் கால் கட்டைவிரல் வரை தள்ள வேண்டும். வால்வுகளைப் பிடித்திருக்கும் வெள்ளை நாண்கள் நூல் கனம்தான், இழுத்தால் எளிதில் அறுவதில்லை. அதைப் பார்த்ததும் வகுப்பில் பேச்சு நின்றுவிடும்.

அடுத்து, புனலில் ரப்பர் குழாயைச் செருகி அவரவர் நெஞ்சில் வைத்துக் கேட்பார்கள். 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் நாளுக்கு 1,00,800. கணக்குப் போட்டு முடித்த சிறுமி ஒருத்தி கேட்டாள்: “நான் தூங்கும்போது அதுக்கு யாரு டீச்சர் சொல்றாங்க?”

வலது மேலறைச் சுவரில் இருக்கும் சிறு திசு ஒன்று தானாகவே மின் துடிப்பை எழுப்புகிறது என்று விளக்கினேன். ஆனால் அவள் கேள்வி அதோடு முடியவில்லை. அவள் கேட்காமலே, அவள் பிறக்கும் முன்பே தொடங்கி, அவளுக்காக ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதை அறிவது பக்திக்கு மிக அருகில் வருகிறது. கடவுளை நம்புகிறவருக்கு அது அருள், நம்பாதவருக்கு இயற்கை. எப்படி அழைத்தாலும் உடம்பு நாம் சம்பாதித்ததல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது.

நம் மரபும் இதைச் சொல்லியிருக்கிறது. உடம்பை இழிவென்று எண்ணியிருந்த திருமூலர், அதற்குள்ளேயே மெய்ப்பொருளைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் பாடுகிறார். திருக்குறளின் 34ஆம் அதிகாரம் நிலையாமை, 95ஆம் அதிகாரம் மருந்து. உடம்பு நிலைக்காது என்று சொன்ன குறளாசிரியரே செரித்தது அறிந்து, அளவோடு உண்ணவும் சொல்கிறார். இரண்டும் முரண் என்று அவர் நினைக்கவில்லை. நிலைக்காது என்பதற்காக மதிப்பில்லை என்றால் குழந்தைப் பருவத்துக்கும் மதிப்பிருக்காது. குறுகிய காலத்துக்குக் கிடைத்தது என்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டும். தாத்தாவை இழந்த பையனிடம் நான் சொன்னது இதைத்தான்.

இந்த மதிப்பு மனத்தில் ஊன்றிவிட்டால் பழக்கத்தைத் திணிக்க வேண்டியதில்லை. குளிர்பான பாட்டிலின் லேபிளைப் படிக்கச் சொல்வேன். 100 மில்லிக்குச் சுமார் 11 கிராம் சர்க்கரை என்றிருந்தால் 300 மில்லியில் 33 கிராம். அதைத் தராசில் நிறுத்துக் காகிதத்தில் கொட்டினால் எட்டு தேக்கரண்டிக் குவியல். முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டால் குமிழி விட்டுக் கரையும். வாயில் தங்கும் இனிப்பிலிருந்து கிருமிகள் அமிலம் உண்டாக்கிப் பல்லின் எனாமலை அரிப்பதை அங்கிருந்து சொல்லித் தருவேன். ‘குடிக்காதே’ என்று நான் சொல்வதில்லை. கேள்வி கேட்கும் பிள்ளைகளை நம்புகிறேன். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று மிரட்டி வளர்த்த பழக்கம், மிரட்டுகிறவர் இல்லாதபோது போய்விடும்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் கட்டுவது அநியாயம். கிருமியைப் பற்றி நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளை சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடிக்கு ஓடுகிறாள். அங்கே தண்ணீர் வரவில்லை, சோப்பும் இல்லை என்றால் நாம் சொன்ன பாடத்தை நாமே பொய்யாக்குகிறோம். உடம்பு கோயில் என்று பேசுகிறவர்கள், அந்தக் கோயிலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும் முன், குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் சோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.