கருவியும் கண்ணோட்டமும்

மனிதன் தன் கைக்குத் துணையாகக் கருவியைப் படைத்தான். காலுக்குத் துணையாக ஊர்தியைப் படைத்தான். இன்று தன் அறிவுக்கே துணையாகச் செயற்கை நுண்ணறிவைப் படைத்திருக்கின்றான். வேலைக்கு ஆள் தேர்வதும், கடன் கேட்டு வருவோரின் தகுதியை அளப்பதும், வாடிக்கையாளரின் வினாவுக்கு விடை கூறுவதும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. எண்ணிக் கணக்கிடும் பணியையெல்லாம் கருவி ஏற்றுக்கொண்ட பின்னர், ஒரு தொழில் நிறுவனத்தின் தலைவருக்கென எஞ்சி நிற்கும் கடமை யாது?

வள்ளுவர் வைத்த இடம்

திருக்குறளின் அதிகார வைப்புமுறை இவ்வினாவுக்கு விடைகாண வழிகாட்டுகின்றது. கண்ணோட்டம் என்னும் சொல்லை நாம் இன்று நோக்கு என்னும் பொருளிலேயே வழங்குகின்றோம். வள்ளுவரோ, பிறரைக் கண்டவிடத்து உள்ளம் இரங்கி நெகிழும் பண்பையே அச்சொல்லால் குறித்தார். அருளுடைமையை அறத்துப்பாலில் வைத்த அவர், கண்ணோட்டத்தைப் பொருட்பாலில், அரசியலில், 58ஆம் அதிகாரமாக வைத்தார். ஆள்வோர்க்கு இரக்கம் வெறும் அணிகலன் அன்று. ஆளும் திறனின் ஓர் உறுப்பு என்பது அவர் கருத்தாதல் வேண்டும்.

அதனை அடுத்து வருவது ஒற்றாடல். அது செய்தி திரட்டும் கலை. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று அங்கே அவர் வற்புறுத்துகின்றார். இன்றைய கணினியும் ஓர் ஒற்றனே. அது கொணரும் செய்தியை எவ்வாறு ஏற்பது என்பதில்தான் தலைமை சோதிக்கப்படுகின்றது.

ஒற்றன் ஒருவனை நம்பிய தலைமை

அச்சோதனையில் தவறிய தலைமைக்குப் பிரிட்டன் நாட்டு அஞ்சல் நிறுவனம் மறக்கவொண்ணாத சான்றாகும். 1999ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் 'ஹொரைசன்' என்னும் கணினிக் கணக்கு முறையைத் தன் கிளைகளில் நிறுவியது. அக்கிளைகளை நடத்தியோருட் பலர், ஊர்மக்கள் நன்கறிந்த சிறு வணிகர்கள். இருப்பில் பணம் குறைவதாகக் கணினி காட்டியபோது, அக்குறையை அவர்களே ஈடுசெய்ய வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியது. பணத்தைத் தாம் தொடவில்லை என்றும், கணக்கே பிழை என்றும் அவர்கள் முறையிட்டனர். இவ்வாறு குறை கூறுபவர் நீர் ஒருவரே என்னும் மறுமொழிதான் பலருக்கும் கிடைத்தது.

2015ஆம் ஆண்டு வரையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பிடப்பட்டனர். சிறை சென்றோர் உளர். வாழ்நாள் சேமிப்பை இழந்தோர் உளர். பழி தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர். ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னிற்க, அவர் உட்பட 555 பேர் நடத்திய வழக்கில், ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளைப் பெருமளவில் நீக்குவதற்கு 2024இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

கணினி பிழைபட்டது வியப்பன்று. பிழைபடாத கருவி உலகில் இல்லை. நாணயமாக வாழ்ந்த இத்தனை பேர், வெவ்வேறு ஊர்களில், ஒரே காலத்தில் கள்வராக மாறியிருக்க முடியுமா? இவ்வினாவைத் தலைமை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாததே பெருங்கேடு. அதனைக் கேட்பதற்குப் பெரிய கணக்கறிவு வேண்டியதில்லை. எதிரே நிற்கும் மனிதரின் முகத்தை நோக்கும் உள்ளம் போதும். ஹொரைசன் வெறும் கணக்கெழுதும் கருவிதான். இன்றைய நுண்ணறிவுக் கருவிகளோ, தாம் கூறும் முடிவுக்குக் காரணம் யாது என்பதை ஆக்கியோரே முற்றும் விளக்கவியலாத வகையில் இயங்குகின்றன. ஆதலின் அன்று வேண்டியதினும் மிகுந்த விழிப்பு இன்று வேண்டும்.

கருவி நடுநிலை உடையதா?

மனிதர்க்குச் சாதிப்பற்று உண்டு, உறவுப்பற்று உண்டு. கருவிக்கு அவை இல்லை. ஆகவே கருவியின் தீர்ப்பே நேரியது எனச் சிலர் கூறுவர். புறந்தள்ளத்தக்க வாதம் அன்று இது. வேண்டியவர் என்பதற்காகவே வேலை பெறுவோரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும் கருவி கற்பது எங்கிருந்து? நம் பழைய ஏடுகளிலிருந்துதானே! அமேசான் நிறுவனம் ஆள் தேர்வுக்கென ஒரு கருவியை உருவாக்கிப் பத்தாண்டு விண்ணப்பங்களைக் கொண்டு அதனைப் பயிற்றியது. அவற்றுட் பெரும்பாலானவை ஆடவருடையவை. எனவே கருவி மகளிரின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிடலாயிற்று. நிறுவனம் அதனைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளிவந்தது. மனிதன் ஓரம் செய்தால் இடித்துரைக்கலாம். அவன் நாணவும் கூடும். கருவிக்கு நாணம் ஏது?

கண்ணோட்டம் என்பது வேண்டியவர்க்குச் சலுகை காட்டுவதும் ஆகாது. அதற்கு முன்னரே செங்கோன்மையை வள்ளுவர் வைத்துவிட்டார். முறை தவறாமையும் இரக்கமும் ஒருங்கே அமைவதுதான் தலைமை.

வினைக்கு உரியவர் யார்?

கனடா நாட்டில், நெருங்கிய உறவினரை இழந்து பயணம் செய்த ஒருவருக்கு, ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடு கருவி கட்டணச் சலுகை பற்றித் தவறான செய்தி கூறியது. தன் சொல்லுக்குக் கருவியே பொறுப்பு என்னும் பொருள்பட நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் 2024இல் அவ்வாதத்தைத் தள்ளி, இழப்பீடு வழங்கப் பணித்தது. பணியாளன் சொல்லுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய அறம். கருவி வந்ததனால் அவ்வறம் மாறிவிடுவதில்லை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். ஒருவருடைய பிழைப்பையோ பெயரையோ பறிக்கும் முடிவை எடுக்குமுன் அவர் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டல். அம்முடிவுக்குத் தன் பெயரால் பொறுப்பேற்றல். கருவியால் வரும் ஊதியத்தில், அதனால் வேலை இழப்போருக்கும் பங்குண்டு என உணர்தல். இம்மூன்றையும் எக்கருவியிடமும் ஒப்படைத்தல் இயலாது. கணக்கைக் கருவி பார்க்கட்டும். மனிதரைத் தலைவர் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்க மறுப்பவர், தலைவர் என்னும் பெயரைத் தாங்கியிருப்பினும், தம் கருவிக்குக் கணக்கெழுதும் ஏவலரே ஆவர்.