இல்லையா, தெரியவில்லையா?

ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி. இந்த ஏழு ஆங்கில எழுத்துகள் கைக்கு வந்தால், எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ரெட்சினா என்று ஏழெழுத்துச் சொற்கள் இதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கும். ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். ஆனால் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் வேறு மாதிரி: இரண்டு வி, இரண்டு ஐ, ஒரு யூ, ஒரு சி, ஒரு ஜி. அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு கேள்வி வரும். இதில் சொல் இல்லையா, அல்லது இருந்தும் எனக்குத் தெரியவில்லையா?

நாளிதழில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வரும் புதிர்களில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. விடை உண்டு என்று தெரிந்துதான் பென்சிலை எடுக்கிறோம், அந்த உறுதியே பாதி வேலையை முடித்துவிடுகிறது. ஸ்கிராபிளில் அந்த உறுதி கிடையாது. பைக்குள் கைவிட்டு எடுத்த எழுத்துகள் அவை, யாரும் யோசித்து அடுக்கித் தந்தவை அல்ல. வேலை தேடுவது, கசந்துபோன உறவைச் சரிசெய்யப் பார்ப்பது, தீராத நோய்க்கு இன்னொரு மருத்துவரிடம் போவது எல்லாமே இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. விடை இருக்கிறது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. அப்படியிருந்தும் தேட வேண்டியிருக்கிறது.

கணினிக்கு இந்தத் தவிப்பு இல்லை. ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5,040 விதமாக அடுக்கலாம். அத்தனையையும் அது புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அகராதியின் ஒவ்வொரு சொல்லிலும் உள்ள எழுத்துகளை முன்கூட்டியே ஏ, பி, சி வரிசைக்கு மாற்றி வைத்துக்கொண்டால் போதும். அப்படி மாற்றினால் ரெட்டினாஸும் நாஸ்டியரும் ஒரே கோவையாகிவிடும். கொடுத்த எழுத்துகளையும் அதே வரிசையில் அடுக்கி, அந்தக் கோவை பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் நொடிக்குள் விடை வந்துவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலரும் கட்டைகளை முதலில் இதே வரிசைக்குத்தான் நகர்த்துகிறார்கள். கணினி சொல்லைக் கண்டுபிடிப்பதை விட, 'இல்லை' என்று அது முடிவாகச் சொல்வதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இல்லை என்று ஐயமில்லாமல் தெரிந்துவிட்டால் எவ்வளவு பாரம் இறங்கும்!

நியூஸிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஏறக்குறைய அந்த நிலையை எட்டியவர். ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலக வாகை சூடியவர், 2015இல் பிரெஞ்சு மொழிக்கான உலகப் போட்டியிலும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சில வாரங்களில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார். பொருள் தெரியாமல் சொல்லை அறிவது என்ன அறிவு என்று சிலர் கேட்கிறார்கள். நான் அந்த நினைவாற்றலை வணங்குகிறேன். சொல் இல்லாத இடத்தில் அவர் வீணாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

நாம் கணினியும் அல்ல, ரிச்சர்ட்ஸும் அல்ல. சிறிது நேரம் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்றே முடிவு கட்டுகிறோம். அந்த முடிவு எழுத்துகளைப் பார்த்து வருவதா, அதற்கு முன்பே நமக்கு நடந்தவற்றிலிருந்து வருவதா? 1975இல் டொனால்ட் ஹிரோட்டோ, மார்ட்டின் செலிக்மன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. கல்லூரி மாணவர்கள் சிலரைக் காதைத் துளைக்கும் சத்தத்துக்கு நடுவே உட்கார வைத்தார்கள். ஒரு குழுவினர் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்த முடியும். இன்னொரு குழுவினர் எதைச் செய்தாலும் சத்தம் நிற்காது. பிறகு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைக் கலைத்துக் கொடுத்தார்கள். எல்லாச் சொற்களும் ஒரே முறையில் கலைக்கப்பட்டிருந்தன, முறை பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாக வரும். சத்தத்தை நிறுத்த முடியாமல் தவித்தவர்கள் அதிகமாகத் தோற்றார்கள். அந்த முறையைக் கண்டுகொள்ளவும் அவர்களுக்கு நேரம் பிடித்தது. இரு குழுவினருக்கும் எழுத்துகள் ஒன்றுதான். விடை கண்ணெதிரே இருந்தது. சத்தத்தில் தவித்தவர்களோ, தாங்கள் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அதற்கு முன்பே கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து என் அண்ணன் மகனை வேறு கண்ணோடு பார்க்கிறேன். அரசு வேலைக்கான தேர்வுகளைத் தொடர்ந்து எழுதி, தொடர்ந்து தோற்றவன் அவன். "நல்லாத் தேடுப்பா, கண்டிப்பா ஏதாவது கிடைக்கும்" என்று உறவுக்காரர்கள் எல்லோரும் அவனிடம் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். உழைப்புக் குறைவு என்று நினைத்துச் சொல்லும் பேச்சு அது. அவனோ நிறுத்த முடியாத சத்தத்துக்கு நடுவில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தவன்.

ஸ்கிராபிளே வேலை இழந்த ஒருவர் உருவாக்கியதுதான். ஆல்ஃப்ரெட் பட்ஸ் நியூயார்க்கில் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போயிற்று. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். 100 கட்டைகளில் 12 ஈ, கியூவும் இஸட்டும் ஆளுக்கு ஒன்று என்று இன்றும் இருப்பது அந்த எண்ணிக்கையின் வழி வந்த ஏற்பாடு. எஸ் மட்டும் நான்கோடு நின்றது. நிறைய இருந்தால் எந்தச் சொல்லின் கடைசியிலும் ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி அள்ளிவிடலாம், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் இதை எடுத்துத் தயாரிக்கும் வரை, கைவேலையாகச் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் பட்ஸ். அவருக்கும் யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பலகையை விரித்தபோதும் நண்பர்கள் ஆர்வத்தோடு ஆடினார்கள். தன் செயலுக்குப் பலன் உண்டு என்பதைச் சின்ன அளவிலாவது அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

செலிக்மன் பின்னாளில் செய்த இன்னோர் ஆய்விலும் இதற்கு ஒப்பானது தெரிந்தது. தோற்றுத் துவண்டவர்களுக்குத் தீர்க்கக்கூடிய புதிர்களைக் கொடுத்து, அவர்கள் தீர்த்தபின் பார்த்தால் சோர்வு விலகியிருந்தது. ஊக்கப் பேச்சு தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் மகன் ஸ்கிராபிள் ஆட எங்கள் வீட்டுக்கு வருகிறான். இரண்டெழுத்துச் சொற்களை முதலில் கற்றுக்கொண்டான். ஆங்கில ஸ்கிராபிளில் அவை நூற்றுக்கு மேல் உண்டு, எவ்வளவு மோசமான கட்டைகளோடும் அவற்றில் ஒன்றையாவது பெரும்பாலும் வைத்துவிடலாம். போன வாரம் கட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல ஒண்ணும் இல்ல, மாத்திக்கிறேன்" என்றான். பையில் ஏழு கட்டையாவது மிச்சமிருந்தால் வேண்டாதவற்றைப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். அந்த முறை புள்ளி கிடையாது, அவ்வளவுதான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் அவன் சில ஆட்டங்கள் வென்றிருந்தான். அவன் சொன்ன 'இல்லை'யை நம்ப எனக்குக் காரணம் இருந்தது.

தேர்வை மறுபடி எழுதுவதா, ஒரு கடையில் கணக்கெழுதக் கூப்பிட்டிருக்கிறார்களே, அதற்குப் போவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அண்ணனுக்கு இந்த மாதமே முடிவு தெரிய வேண்டும். இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அண்ணி சரி என்றிருக்கிறார், அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.