வயலின் ஓரம் யாருக்கு உரியது?

பெத்லகேமில் வாற்கோதுமை அறுவடைக் காலத்தில், மோவாபியப் பெண் ரூத்து அறுப்போர் பின்னே கதிர் பொறுக்கச் சென்றார். அதனைப் பிச்சை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது உரிமை. வயலோரக் கதிரை அறுக்காது விட்டுவிடப் பணிக்கிறது லேவியர் நூல் (19:9). அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது எனப் பிற்கால யூதச் சட்டத் தொகுப்பான மிசுனா அளவும் குறித்தது.

இணைச்சட்டமோ (24:19) நம்மை இன்னும் வியக்க வைக்கிறது. மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்க வயலுக்குத் திரும்பலாகாது. அது அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியதாம். மறதியைத் திட்டமிட யாரால் இயலும்? நாமோ ஒரு காசையும் மறவோம். கொடுத்தால் கல்லில் பெயரும் பொறிப்போம்.

போவாசு, கட்டுகளிலிருந்து கதிர்களை உருவிப் போடுமாறு பணியாளரிடம் சொன்னார், ரூத்திடம் அன்று. மாலையில் அவர் தட்டியெடுத்தது ஏறக்குறைய ஓர் எப்பா. உண்டு மீந்ததையும் சேர்த்து மாமியாரிடம் கொண்டு சென்றார்.