புத்திரசோகமும் பொதுத் தர்மமும்

பெற்ற மகவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தாய்தந்தையர், அம் மகவின் ஞாபகார்த்தமாக, அதே நோயுற்ற பிற குழந்தைகளுக்கென ஒரு தர்ம ஸ்தாபனத்தை நிறுவுவது இக்காலத்தில் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாகிவிட்டது. அதனைக் கண்டு நெகிழாதவர் இலர். ஆயினும் நெகிழ்ச்சி வேறு, நியாயம் வேறு. பசியால் வாடும் குழந்தையும், படிக்க வகையற்ற குழந்தையும், வேறு பிணியால் வருந்தும் குழந்தையும் கண்ணெதிரே இருக்கையில், தம் வீட்டுக்குள் புகுந்த ஒரு நோயை மாத்திரம் தெரிந்தெடுத்து, அதற்கே பொருளையும் உழைப்பையும் ஈவது பட்சபாதம் ஆகாதா? அந்தத் தர்மம் இறந்த குழந்தைக்குச் செய்யப்படுவதா, இருக்கிற குழந்தைகளுக்குச் செய்யப்படுவதா? துயருற்றவர்களிடம் இவற்றைக் கேட்பது கொடுமை. அவர்களுடைய கைங்கரியத்தில் பங்குகொள்ள நினைக்கும் மற்றவர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது கடமை.

இறந்தாரின் நன்மைக்காக நிபந்தம் வைப்பது தமிழருக்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், இன்னார் நன்மைக்காக இன்னார் வைத்த நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பொறித்து வைத்தார்கள். ஆடுகள் சாகாமலும் மூவாமலும் இருந்தன என்பதன்று அதன் பொருள். சாவன சாக, மூப்பன மூக்க, அவற்றின் ஈற்றினால் எண்ணிக்கை குறையாதிருக்க வேண்டும், நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஒருநாளும் தவறக் கூடாது என்பதே நிபந்தனை. பெயர் கல்லிலே நின்றது. ஆனால் இருளை நீக்கியது அந்தப் பெயரன்று, அன்றன்று இடையன் கொண்டுவந்து அளந்த நெய். ஞாபகார்த்த ஸ்தாபனங்களை மதிப்பிடுவதற்கு இதைக் காட்டிலும் நேரான அளவுகோல் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

பெயரின் செய்தியையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவர். அந்தத் துயரம் அவர் நெஞ்சில் முப்பது ஆண்டுக் காலம் கனன்று, 1954-ல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவ நிலையமாக உருவெடுத்தது. குழந்தைகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவை 1960-ல் தொடங்கிய பெருமையும் அந்நிலையத்திற்கு உண்டு. ஆனால் அதன் பெயரில் அத் தங்கையின் பெயர் இல்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெயரே உண்டு. அதே 1960-ல் இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ நகரத்து ஈஸ்ட்வுட் தம்பதியர், இரத்தப் புற்றுநோயால் மாண்ட தங்கள் ஆறு வயது மகள் சூசனுக்காகத் திரட்டத் தொடங்கிய பொருள், லுகேமியா ஆராய்ச்சி நிதி என்னும் பெரிய ஸ்தாபனத்திற்கு வித்தாயிற்று. அங்கும் நோயின் பெயர் நின்றது, குழந்தையின் பெயர் ஒதுங்கிக்கொண்டது. அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஸ்காட் என்ற சிறுமி, தானே நோயாளியாயிருந்தும், நான்கு வயதில் எலுமிச்சம்பழச் சாறு விற்று மற்றக் குழந்தைகளின் சிகிச்சைக்குப் பணம் சேர்த்து, 2004-ல் எட்டு வயதில் மறைந்தாள். அவளுடைய பெற்றோர் அவள் பெயராலேயே அதனைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூற இடமில்லை. பெயர் இடுவதும் இடாமல் விடுவதும் பெற்றோரின் உரிமை. நெய் அளக்கப்படுகிறதா என்பது ஒன்றே ஊரார் கேட்கத்தக்கது.

இனி, பட்சபாதம் என்ற ஆட்சேபத்திற்கு வருவோம். எல்லாக் குழந்தைகளையும் ஒப்ப நோக்குவதே உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்ப நோக்கும் அறிவு தொலைவிலிருந்து நோக்குவது. அதன் கண்ணுக்கு அகப்படாத சிலவற்றைத் துயரம் அருகிருந்து கண்டிருக்கிறது. இதனை விளக்குவதற்கு மலேசியாவில் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையைக் காட்டிலும் தகுந்த இடம் அரிது. 1929-ல் போ தோட்டம் தொடங்கப்பட்ட நாள் முதல் தேயிலைக் கொழுந்தோடு தமிழ்க் குடும்பங்களும் தழைத்த மலை அது. அங்கே தானா ராத்தா என்னும் ஊரில் அரசாங்க மருத்துவமனை உண்டு. மலேசியக் குடிமக்கள் அரசாங்க மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் கொடுக்க வேண்டியது ஒரு வெள்ளி (ரிங்கிட்). நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. ஆகவே, தொலைவிலிருந்து பார்ப்பவர், ஏழைக்கும் சிகிச்சை கிட்டிவிட்டது என்று கணக்கை மூடிவிடுவார்.

சுங்கை பாலாஸ் தோட்டத் தொழிலாளர் லயத்திலோ ரிங்லெட்டிலோ இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு அந்தக் கணக்கு மூடுவதில்லை. குழந்தைப் புற்றுநோய்க்குரிய நிபுணர்களைத் தேடிப் போக வேண்டியது பெரும்பாலும் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கோலாலம்பூருக்கு. சிகிச்சையோ பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் நீளும். ஒவ்வொரு பயணத்திற்கும் தாப்பாவுக்கு இறங்கும் வளைவுப் பாதையில் மருந்தின் குமட்டலோடு குழந்தையை மடியில் கிடத்திச் செல்ல வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலி, சில சமயம் ஒரு வாரக் கூலி. மருந்தினால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாளில் நள்ளிரவில் காய்ச்சல் வந்துவிட்டால், தாமதமின்றிக் கிருமிக்கொல்லி மருந்து இரத்த நாளத்தின் வழியே ஏறியாக வேண்டும். அந்த வேளையில் மலைத் தோட்டத்தில் குழந்தையின் உயிர் தொங்குவது ஒரு வாகனத்தின் மேல். நன்கொடைப் பட்டியல் எழுதுவோர் பொம்மைகளையும் புத்தாடைகளையும் நினைக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு வாடகை வண்டி தேடி லயத்து வாசலில் நின்றவர்களுக்கே, வேண்டுவது வண்டி என்று தெரியும்.

துயரம் இவ்வாறு ஒருவகை ஞானமாகிறது. அந்த ஞானத்தின் பேரில் ஒரு நோயைத் தெரிந்தெடுப்பதைப் பட்சபாதம் என்று தள்ளிவிட முடியாது. மேலும், செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் குணமடைகிறார்கள் என்றும், வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மர் கூடப் பிழைப்பதில்லை என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நோய் ஒன்றே; பிறந்த இடம் வேறு. பயணச் செலவும் கூலி இழப்பும் தாங்காமல் பாதியில் சிகிச்சையைக் கைவிடுவதும் அந்தப் பேதத்திற்கு ஒரு காரணம். அந்தப் பேதத்தைக் குறைக்க முயல்வது நீதிக்குப் புறம்பானது அன்று, நீதியின் மையமே ஆகும்.

ஆனால் இந்த ஞானத்திற்கும் ஓர் எல்லைப் பிழை நேரக்கூடும். தன் குழந்தையைப் போன்ற குழந்தைக்கு மட்டும் இரங்குவது இயல்பு. தன் மொழி, தன் சமயம், தன் தோட்டம் என்று அது சுருங்கிவிடுவதும் இயல்பு. கேமரன் மலையில் செமாய் என்னும் பழங்குடியினரின் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய குடியிருப்புகள் தோட்டங்களை விட உள்ளடங்கியவை. தேயிலை வேலைக்கு இன்று வருவோருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி; குடிமக்கள் அல்லாதார்க்கு மருத்துவக் கட்டணமும் மிகுதி. ஒரு தமிழ்க் குழந்தையின் பெயரால் வாங்கிய வண்டி செமாய்க் குழந்தையை ஏற்றிக்கொண்டு இறங்கினால், அப்போது அந்தத் தர்மம் தன் முழு வளர்ச்சியை எய்தியது எனலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் இன்ன காரணத்தால் வந்தது என்று சுட்ட முடியாதது. பெற்றோரின் குற்றத்தால் வருவதன்று. எனினும் எத்தனையோ தாய்மார்கள், தாம் உண்டதையோ உண்ணாததையோ, முன்வினையையோ நினைத்து நினைத்து உள்ளம் புண்ணாகிறார்கள். தர்மத்தைப் பிராயச்சித்தமாக அவர்கள்மேல் சுமத்துவதும், ‘உங்கள் துயரத்தைத் தொண்டாக மாற்றுங்கள்’ என்று நீர்க்கடன் கழியுமுன்னே உபதேசிப்பதும் தகாத செயல்கள். அழுவதற்கு மட்டுமே வலிமை மிஞ்சியவர்களுக்கு அழும் உரிமை உண்டு.

பொருளில்லாதவர் தம் மகவை எவ்வாறு கௌரவிப்பது என்ற கேள்வியே இவ்வளவிலும் கடினமானது. நிதி நிறுவ இயன்றவரின் குழந்தை நினைக்கப்படும், லயத்துக் குழந்தை மறக்கப்படும் என்றால், ஞாபகமும் செல்வர்க்கே உரிய சொத்தாகிவிடும். இங்கே மருத்துவத்தின் வரலாறு ஓர் ஆறுதலைத் தருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், தம் சகோதரர் இருவரை அடுத்தடுத்து நோய்க்கு இழந்தவர். அமெரிக்காவில் அவருடைய ஆய்வுக் கூடத்தில் உருவான மருந்தைத்தான் பாஸ்டன் நகரத்து சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களுள் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-ல் வெளியிட்டார். தற்காலிகமாகவே தணிந்தது, மரணம் தள்ளிப்போயிற்று, தவிர்ந்து போகவில்லை. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் ஸ்தாபனம் எதுவும் நிறுவியதாகச் செய்தி இல்லை. ஆயினும் பின்வந்த சிகிச்சை அனைத்தும் அவர்கள் தந்த சம்மதத்தின்மேல் எழுந்தது. அவ்வாறே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2002 முதல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பங்குகொண்ட ஓர் ஆய்வு, நோய் விரைவில் தணிந்த குழந்தைகளுக்குக் கடுமை குறைந்த சிகிச்சையே போதும் என்று காட்டிற்று. பிழைத்தவரும் பிழையாதவரும் சேர்ந்து விட்டுச்சென்ற அறிவு அது.

தோட்டத்து மக்கள் கூடிச் சேர்த்தால் சிறுதுளி எதுவாகும் என்பதையும் மலேசியா கண்டிருக்கிறது. 1960-ல் தலைவர் துன் சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்; கூலிக்காரர் தோட்டத்துக்கு உடையவர் ஆயினர். ஓர் இரவு வண்டிக்கு அவ்வளவு கூட வேண்டியதில்லை.

அதுவும் இயலாத இடத்தில், குழந்தையை இழந்த ஒருத்தி, அடுத்த லயத்தில் அதே நோய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு விடியுமுன் எழுந்து போகிறாள். எந்தப் பேருந்து நேரே போகும், கோலாலம்பூரில் இரவு தங்க யாரைக் கேட்பது, காய்ச்சல் எத்தனை பாகை ஏறினால் காத்திருக்கக் கூடாது என்பவற்றை அவள் சொல்கிறாள். தன் மகன் பெயரைச் சொல்வதில்லை, கேட்பவளும் கேட்பதில்லை. தானா ராத்தாவில் பனி விலகாத வேளையில் பேருந்து புறப்படுகிறது. ஏறியவளின் பையில் மருத்துவர் கடிதமும், மாற்றுத் துணியும், இவள் கொடுத்தனுப்பிய பழைய வெப்பமானியும் இருக்கின்றன.