கோலைக் காத்தவர், பிள்ளைகளைக் காத்தார்

ஹாக்கி ஷூட்-அவுட்டில் அடிப்பவருக்கு எட்டு விநாடிதான். 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடி வருபவரை எதிர்கொள்ள கோல்கீப்பர் எப்போது முன்னேற வேண்டும், எதுவரை சாயாமல் பொறுத்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே நின்று அடிபட்டவருக்குத்தான் தெரியும். 2025 ஜூனியர் உலகக் கோப்பை காலிறுதியில், சென்னையில், இந்தியாவின் இளம் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் ஷூட்-அவுட்டில் பெல்ஜியத்தைத் தடுத்து நிறுத்தினார். அணியின் அப்போதைய பயிற்சியாளர் பி.ஆர். ஸ்ரீஜேஷ்! டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் வெண்கலம் வென்ற கோல்கீப்பர். 2024இல் ஓய்வு பெற்ற கையோடு ஜூனியர் அணியை ஏற்றுக்கொண்டவர்.

அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று பலத்த அடி. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளைத் தேற்றி மறுபடி களத்தில் இறக்குவதுதான் பயிற்சியில் கடினமான வேலை என்பேன். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்தவர்கள், கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல் போட்டு வென்றார்கள். தோல்வி ஸ்ரீஜேஷுக்குப் புதிதல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கடைசி இடத்தோடு ஊர் திரும்பிய இந்திய அணியில் அவரும் ஒருவர்.