பெயர் எழுத இடம்

பெங்களூரு அல்சூர்ப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனை. தம்பி மனைவிக்குப் பிரசவமாகி டிஸ்சார்ஜ் ஆகும் நாள், பில் கட்ட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர்; ஓசூர்க்காரர் என்று பேச்சில் தெரிந்தது. பதிவேடு எழுதும் அம்மா அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி. ஆணா பெண்ணா என்றதற்கு, பெண் என்றார். பிறகு அவரே குனிந்து தாளைப் பார்த்துவிட்டு, "ஹெசரு எல்லி பரீபேகு மேடம்?" என்று கேட்டார். பெயரை எங்கே எழுத வேண்டும்?

அந்த அம்மாவின் பேனா நின்றது. "ஹெசரு பேடப்பா" என்றார். பெயர் வேண்டாம்ப்பா. குரலில் கடுமை இல்லை. குழந்தை எட்டு மாதம் நிரம்பி, வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தது. அந்த இளைஞர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நடந்தது இவ்வளவுதான். ஆண்டுகள் சில ஓடிவிட்டன. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எழுதக் கேட்டார் என்றால் மனதில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. எந்தப் பெயர் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் படிவத்தைப் பிறகு தேடிப் படித்தேன். பிறப்புக்குப் படிவம் 1, இறப்புக்குப் படிவம் 2, இறந்து பிறந்த குழந்தைக்குப் படிவம் 3. முதல் படிவத்தில் குழந்தையின் பெயருக்கு இடம் உண்டு. இன்னும் வைக்கவில்லையென்றால் வெறுமனே விடலாம், பிறகு வந்து சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதில் அந்த இடமே கிடையாது. படிவத்தில் ஒரு பாதி பதிவேட்டுக்கு. மறுபாதியைக் கிழித்துப் புள்ளிவிவரத்துக்கு அனுப்புவார்கள்: தாயின் வயது, படிப்பு, கர்ப்பம் எத்தனை வாரம், கரு இறந்த காரணம். தாய் எதுவரை படித்தாள் என்று கேட்க இடம் இருக்கிறது.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இதில் ஒரு விசித்திரம் செய்திருக்கிறது. பிறப்பு என்பதற்கு அது தரும் விளக்கத்தில் இறந்து பிறப்பதும் அடக்கம். இறப்பு என்பதோ, உயிரோடு பிறந்த பின் உயிர் போவது மட்டும். ஆக, அந்தக் குழந்தை சட்டப்படி பிறந்திருக்கிறது; ஆனால் இறக்கவில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு படிவம், இறப்புச் சான்றிதழுக்கு ஒரு படிவம் என்று விதிகளில் இருக்கின்றன. இதற்கென்று ஒரு சான்றிதழ்ப் படிவம் இல்லை. 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று ஆக்கினார்கள். இந்த இடத்தைத் தொடவில்லை.

எங்கள் பாட்டி நினைவுக்கு வருகிறார். எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். "பெத்தது எட்டு, நின்னது அஞ்சு." மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடமும் அதையே சொன்னார். உயிரோடு பிறந்ததைத்தான் கேட்கிறேன் என்று அவர் விளக்கினார். பாட்டி மறுபடியும் எட்டு என்றார். வந்தவர் என்ன எழுதிக்கொண்டு போனாரோ.

போன மூன்றுக்கும் பெயர் கிடையாது. ஆனால் அவற்றுக்குப் பிறகு வந்த என் பெரிய மாமாவுக்குக் குப்புசாமி என்று பெயர். பிள்ளை தங்காத வீடுகளில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்து, குப்பன், குப்பம்மா, பிச்சை என்று பெயர் வைப்பது வழக்கம். சின்ன வயதில் மாமாவைக் கேலி செய்திருக்கிறோம். முன்னே போனவர்களின் ஒரே பதிவேடு அவர் பெயர்தான் என்பது இந்தப் படிவத்தைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது.

கல்லூரியில் படித்த புறநானூற்றின் 74ஆம் பாட்டும் அரைகுறையாக ஞாபகம் வந்து, எடுத்துப் பார்த்தேன். பாடியவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தவன்; கேட்ட தண்ணீரை உடனே கொடுக்காமல் இழுத்தடித்ததால், வந்ததைக் குடிக்காமல் உயிர் விட்டான் என்பது கதை. தன் குலத்தில் குழந்தை இறந்தாலும், உருவமில்லாத பிண்டமாகவே பிறந்தாலும், அதையும் ஒரு மனிதப் பிறவியாகக் கருதி வாளால் வெட்டி வீர மரணம் தருவார்கள் என்று சொல்லித் தன் நிலையை நொந்துகொள்கிறான். படித்த காலத்தில் அந்த வாள்தான் என்னைப் பயமுறுத்தியது. இப்போது தோன்றுவது வேறு. மூச்சே விடாத ஒன்றுக்கும் அந்தக் குலத்தில் ஓர் இடம் இருந்திருக்கிறது.

2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 19 லட்சம் குழந்தைகள் இறந்து பிறந்தன என்றும், அவற்றில் சுமார் 3.4 லட்சம் இந்தியாவில் என்றும் ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. எந்த நாட்டையும்விட அதிகம். எண்ணிக்கை தெரிந்தால்தான் தடுக்க முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வதுதான் வலிக்கிறது. நம்முடைய 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே குழந்தை என்பதில் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்திருந்தது. 2022இல் மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்கு இந்த இழப்புக்கென 60 நாள் சிறப்பு விடுப்பு அறிவித்தது. அயர்லாந்தில் 1995 முதல் இப்படிப் பிறந்த குழந்தைகளைப் பதிகிறார்கள். அதற்கு முன் இழந்தவர்களும் பின்னோக்கிப் பதிந்துகொள்ள வழி வைத்தார்கள். பாட்டி அங்கே இருந்திருந்தால் மூன்று பேரையும் பதிந்திருப்பாரா?

இங்கேதான் எனக்குத் தடுமாற்றம். மறக்க நினைக்கும் தாயும் இருப்பாள். அவள் கையில் சான்றிதழைத் திணிப்பது கொடுமை. வார எல்லை இன்னும் சிக்கல். நம் விதிகளில் 28 வாரம். இருபத்தேழாவது வாரத்தில் போனால் படிவம் 3கூடக் கிடையாது. இன்னும் முன்னதாக, வெளியே பிழைக்கும் பருவத்துக்கு முன் போனால், 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி அது மஞ்சள் பைக்குரியது. இங்கிலாந்தில் 1992இல் எல்லையை 28இலிருந்து 24 வாரமாகக் குறைத்தார்கள். நாமும் குறைக்கலாம் என்று மனம் சொல்கிறது. அடுத்த நொடியே, கருவுக்குப் பெயரும் பதிவும் கொடுக்கப்போய், கருக்கலைப்புக்குப் பெண்களுக்கு இருக்கும் உரிமையில் யாராவது அதைக் காட்டிக் கை வைப்பார்களோ என்ற பயம் வருகிறது. 2021இல்தான் அந்த உரிமை சில நிலைகளில் 24 வாரம்வரை நீண்டது. கோட்டை எங்கே போடுவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

28 வாரம் தாண்டியவர்களுக்காவது, விரும்பினால் நிரப்ப ஒரு கட்டம், கேட்டால் கொடுக்க ஒரு சான்றிதழ். இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. இதற்கு நாடாளுமன்றம்வரை போக வேண்டியதும் இல்லை. கர்நாடகத்தின் படிவங்கள் 1999ஆம் ஆண்டு மாநில விதிகளைச் சேர்ந்தவை. சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி, மத்திய அரசின் ஒப்புதல் பெற்று மாநில அரசே அவற்றைத் திருத்தலாம்.