கார்த்திகைப் பெண்களும் ஒரு பார்வர்டு மெசேஜும்

ஓம் சரவணபவ.



போன கிருத்திகை அன்று நம் அனகாபுத்தூர் பஜனை முடிந்து, பிரசாதம் கொடுப்பதற்கு முன்னால் அடியேன் கொஞ்ச நேரம் பேசினேன். அன்று வர முடியாத அன்பர்கள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் இது அடியேன் செய்த ஒரு தப்பைப் பற்றியது. ஆனாலும் முருகன் சந்நிதியில் வாய்விட்டுச் சொன்ன பிறகு உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த கதை. சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து வந்த பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாக ஆயின. தாமரைப் பூவில் கிடந்து அழுத அந்தக் குழந்தைகளைத் தூக்கிப் பால் கொடுத்தது யார்? பெற்ற தாய் இல்லை, பாட்டி இல்லை, அத்தை இல்லை. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். அந்தப் பால் குடித்ததால்தான் நம் அப்பனுக்குக் கார்த்திகேயன் என்று பேர். அதனால்தான் மாதம் தவறாமல் கிருத்திகை விரதம் இருக்கிறோம்.

இப்போது ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அன்று அந்தப் பொய்கைக் கரையில் நாம் கையில் போனோடு நின்றிருந்தால் என்ன செய்திருப்போம்? "யாரோ ஆறு பொம்பளைங்க, ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிட்டு நிக்கறாங்க. கடத்தல் கும்பல் மாதிரி தெரியுது. உடனே ஷேர் பண்ணுங்க" என்று போட்டோவோடு போட்டிருப்போம். சிரிக்காதீர்கள். அடியேன் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன்.

மூன்று வருஷம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். எங்கள் தெருவில் இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வரவில்லை. அவன் அம்மா ஸ்கூல் வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, அழுதுகொண்டே தெருவுக்கு ஓடி வந்தார். பத்து நிமிஷத்தில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. அதுவரை சரி. நாலு பேர் தேடினால் நல்லதுதானே?

ஆனால் அதற்கப்புறம் எல்லோரும் துப்பறிய ஆரம்பித்துவிட்டோம். ஒருவர் "வெள்ளை வேன் ஒண்ணு காலையிலேருந்து நிக்குது" என்றார். ஒருவர் "அவங்க வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டை, அப்பாவே கூட்டிட்டுப் போயிருப்பாரு" என்றார். இன்னொருவர், "ஒரு பாட்டி பையன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதை நானே பார்த்தேன், வடக்கத்தி ஆளு மாதிரி இருந்துச்சு" என்று குரல் பதிவு போட்டார். அப்போது ஒரு கடையின் கேமராவில் எடுத்த படம் வந்தது. தோளில் சாக்கு மூட்டையோடு ஒரு பெரியவர் ஸ்கூல் பக்கம் நடந்து போகிறார். அவ்வளவுதான் படம்.

குரூப்பில் தமிழ் நன்றாக டைப் பண்ணத் தெரிந்தவன் அடியேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதினேன் தெரியுமா? "குழந்தையைக் கடத்தியவன் இவன்தான். எங்கே பார்த்தாலும் விடாதீர்கள். முருகன் மேல் ஆணை, இது உண்மைச் செய்தி." எழுதி நம் பஜனை குரூப்புக்கும் சேர்த்து நாலு குரூப்புக்கு அனுப்பினேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன். அதற்கு முருகனைச் சாட்சிக்கு இழுத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் அந்தப் பெரியவரைப் பிடித்துவிட்டார்கள். பழைய பேப்பர், இரும்பு வாங்குகிறவர். வருஷக்கணக்காக நம் பக்கம் வருகிறவர்தான். நான் கூடப் பழைய நாளிதழை அவரிடம் எடை போட்டிருக்கிறேன். படத்தில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நினைக்கவும் இல்லை. மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்கள். அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் பாட்டிலும்தான். அப்படியும் அடி விழுந்தது. நெற்றியில் ரத்தம். பக்கத்து இட்லிக் கடை அக்கா அவரைக் கடைக்குள் இழுத்து, ஷட்டரைப் பாதி இறக்கி, "போலீஸ் வர்ற வரைக்கும் எவனும் உள்ள வரக் கூடாது"ன்னு கரண்டியோடு வாசலில் நின்றாராம். அந்த அக்கா இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பையன் எங்கே இருந்தான்? பொழிச்சலூரில், கூடப் படிக்கிற நண்பன் வீட்டில். அவனோடு சேர்ந்து அவன் வேனில் ஏறிப் போய்விட்டான். அந்த வீட்டுப் பாட்டி வேன் நின்ற இடத்திலிருந்து இரண்டு பேரையும் கைப்பிடித்துக் கூட்டிப்போய், தோசை வார்த்துக் கொடுத்து, பையனின் டைரியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டபடியே இருந்திருக்கிறார். லைன் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? பையனின் அம்மா பிறகு என்னிடம் சொன்னார். "அண்ணா, அந்த ரெண்டு மணி நேரம் போன் ஓயவே இல்ல. ஒவ்வொரு தடவையும் புள்ள கெடைச்சுட்டான்னு நினைச்சு எடுத்தேன். எல்லாரும் என்கிட்ட கேள்விதான் கேட்டாங்க. வீட்டுல என்ன சண்டைன்னு கூடக் கேட்டாங்க." அடியார்களே, குழந்தையைக் கண்டுபிடிக்கிறோம் என்று கிளம்பிய நாங்கள்தான் குழந்தை கிடைக்கும் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 2018-ம் வருஷம் நினைவிருக்கிறதா? வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த மே மாதம் 9-ம் தேதி, சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போனது. போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு. அத்திமூர் கிராமத்தில் வழி கேட்க நிறுத்திய இடத்தில், அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் கூட இருந்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சேதி பரவி, கூட்டம் துரத்திப் பிடித்து அடித்தது. அந்த அம்மா உயிர் போய்விட்டது. மற்றவர்களுக்குப் பலத்த காயம்.

குலதெய்வத்தைக் கும்பிடப் போனவர். வழியில் பார்த்த குழந்தைக்கு இனிப்பு கொடுத்தவர். கார்த்திகைப் பெண்கள் செய்ததும் அதுதானே? முன்பின் தெரியாத குழந்தையின் பசியைப் பார்த்தார்கள், கொடுத்தார்கள். நாம் அவர்களை வானத்தில் நட்சத்திரமாக வைத்துக் கும்பிடுகிறோம். இந்த அம்மாவை அடித்துக் கொன்றோம்.

அந்த நாட்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். பார்த்தவர்கள் பதறிப் போனார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டு யாரோ அனுப்பினார்கள். மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தில் அதே வருஷம் ஜூலை 1-ம் தேதி இதே வதந்தியில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அப்புறமாவது திருந்தினோமா? 2024 பிப்ரவரியில், நமக்குப் பக்கத்தில் பம்மலில், குழந்தை கடத்த வந்தவர் என்று சந்தேகப்பட்டு ஒரு திருநங்கையைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். போலீஸ் வந்துதான் மீட்டது. நாம் காய்கறி வாங்கப் போகிற பம்மல்தான்.

"அப்ப குழந்தைக் கடத்தலே நடக்கலையா?" என்று ஒரு அன்பர் கேட்டார். நடக்கிறது ஐயா. 2010-ல் கோயம்புத்தூரில் ஸ்கூலுக்குக் கிளம்பிய அக்காவையும் தம்பியையும் வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றார்களே, தமிழ்நாடே அழுததே. ஆனால் அதை யார் செய்தது? சாக்கு மூட்டைக்காரர் இல்லை, வடநாட்டுக்காரர் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே வண்டி ஓட்டிய, முகம் தெரிந்த டிரைவர். ஆபத்து உண்மைதான். நாம் விரல் நீட்டுகிற திசைதான் பெரும்பாலும் தப்பு. ஏழையா, வெளியூரா, நம்மைப் போல் இல்லையா, உடனே சந்தேகம்.

இதில் நம் அப்பன் என்ன வழி காட்டியிருக்கிறான்? கந்தபுராணத்தைப் பாருங்கள். இந்திரன் மகன் ஜயந்தனைச் சூரபத்மன் மகன் பானுகோபன் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் வைத்தான். அதுவும் ஒரு பிள்ளையைத் தூக்கிப்போன கதைதான். யார் தூக்கிப்போனது, எங்கே வைத்திருக்கிறான், எல்லாம் முருகனுக்குத் தெரியும். கையில் வேல் இருக்கிறது. ஒரு நொடி போதும். ஆனால் என்ன செய்தான்? செந்தூரிலிருந்து வீரபாகுவைத் தூது அனுப்பினான். போய்ப் பார், ஜயந்தனுக்குத் தைரியம் சொல், சூரனிடம் நேரில் கேள் என்றான். எல்லாம் அறிந்த சாமியே முதலில் ஆளை அனுப்பி விசாரித்துவிட்டுத்தான் வேலைத் தொட்டான். எதுவும் தெரியாத நாம் எடுத்த எடுப்பில் தீர்ப்பு எழுதுகிறோம்.

அருணகிரிநாதரை எடுத்துக்கொள்ளுங்கள். அவமானம் தாங்காமல் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் கையில் தாங்கினான். தாங்கிவிட்டு என்ன உபதேசம் செய்தான்? பேச்சை விட்டு அமைதியாக இரு என்றான். திருப்புகழ் பாடப்போகிற வாய்க்கே முதல் பாடம் மௌனம். அந்த அண்ணாமலையார் இருக்கிற மாவட்டத்தில்தான், பேச்சை அடக்கத் தெரியாத நம்மால் ஒரு அம்மா உயிர் போனது.

என் அப்பா தறி நெய்தவர். அனகாபுத்தூரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். அவர் சொல்வார், "பாவுல ஒரு இழை அறுந்தாலும் தறியை நிறுத்திடு. இழையைத் தேடி முடிஞ்சிட்டு அப்புறம் நெய். அவசரப்பட்டு நெய்துட்டா, துணி முழுக்க அந்தக் கோடு நிக்கும்." கையில் ஒரு மெசேஜ் வந்ததும் அடியேனுக்கு இப்போது அந்தக் குரல்தான் கேட்கிறது.

ஆகவே அன்பர்களே, அடியேன் செய்துகொண்ட சங்கல்பத்தை எழுதுகிறேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழந்தையைக் காணோம் என்றால் முதலில் 112-க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ போன். உடனே போலீஸ் ஸ்டேஷன். "இருபத்துநாலு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று யாரும் சொல்லக் கூடாது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிய வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேமரா படம், வண்டி நம்பர், பார்த்த விஷயம் எதுவாக இருந்தாலும் போலீஸ் கையில் கொடுங்கள். குரூப்பில் போடாதீர்கள். பெற்றவர்களின் போனைக் காலியாக விடுங்கள். விசாரிக்கணும்போல் இருந்தால் நேரில் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள், கூடத் தேடுங்கள். குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், ஸ்கூல் இதையெல்லாம் பரப்புவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். போலீஸே அறிவிப்பு கொடுத்தால் தேதி பார்த்து அதை மட்டும் அனுப்புங்கள். குழந்தை கிடைத்துவிட்டால், அனுப்பிய இடத்துக்கெல்லாம் "கிடைத்துவிட்டான்" என்றும் அனுப்புங்கள். எக்காரணம் கொண்டும் முருகன் பேரில் ஆணை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெரியவர் அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. ஆறு மாதம் கழித்து, சேலத்தில் இருக்கும் என் பெரியம்மா மகனிடமிருந்து ஒரு மெசேஜ். அதே படம். கீழே அடியேன் எழுதிய அதே வார்த்தைகள். "ஜாக்கிரதையா இருங்க அண்ணே" என்று அனுப்பியிருந்தான். அன்று ராத்திரி தூங்கவில்லை.

மறுநாள் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். எழுதியது நான்தான் என்று சொல்லிக் காலில் விழுந்தேன். அவர் பதறித் தூக்கிவிட்டார். திட்டவில்லை. "அடி ஆறிப்போச்சு சாமி. ஸ்கூல்ல யாரோ என் பேத்திகிட்ட அந்தப் போட்டோவைக் காட்டியிருக்காங்க. அது வந்து, 'தாத்தா, நீ புள்ள புடிக்கிறவனா?'ன்னு கேட்டுச்சு. அதான் ஆறல" என்றார்.

அதற்கு அடியேனிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அந்தப் பேத்தியிடமும் உட்கார்ந்து, தப்பு என்னுடையது, உன் தாத்தா நல்லவர் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு கிருத்திகையும் குன்றத்தூர் மலைப்படி ஏறும்போது அவர்கள் இரண்டு பேரையும் நினைத்துத்தான் ஏறுகிறேன்.

உங்களில் யாருக்காவது சாக்கு மூட்டையோடு ஒரு பெரியவர் நடந்து போகிற படம் வந்தால், அது என் பாவம். தயவுசெய்து உங்கள் கையோடு நிற்கட்டும்.

முருகா, காணாமல் போன பிள்ளைகளையெல்லாம் வீடு சேர்த்துவிடு. எங்கள் விரலுக்கு அடக்கம் கொடு.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!